ஷேவிங் பிரஷ் வாங்கும்போது உள்ளங்கையை நம்பாதீர்கள்

கடையில் ஷேவிங் பிரஷ் வாங்குகிறவரைக் கவனித்துப் பாருங்கள். உறையைப் பிரிப்பார். உள்ளங்கையில் இரண்டு தேய்ப்பு, பிறகு கன்னத்தில் ஒரு தேய்ப்பு. மெத்தென்று இருந்தால் காசு கொடுப்பார், குத்தினால் திருப்பி வைத்துவிடுவார். நானும் அப்படித்தான் மூன்று பிரஷ் வாங்கி மூன்றையும் வீணாக்கினேன். எதுவும் ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

காய்ந்த பிரஷை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சோப்பு, தண்ணீர், காற்று மூன்றையும் சேர்த்து அடித்து நுரையாக்குவதும், அந்த நுரையைத் தாடி முடியின் வேர்வரை கொண்டுபோவதும்தான் பிரஷின் வேலை. அதற்கு முடி வளையவும் வேண்டும், வளைந்தது நிமிரவும் வேண்டும். வெறும் மென்மை மட்டும் உள்ள பிரஷ், டியூபிலிருந்து பிதுக்கும் கிரீமுக்குச் சமாளிக்கும். கெட்டியான வட்ட சோப்பின் மேல் வைத்துச் சுழற்றினால் வாழை நார் மாதிரி படுத்துவிடும். ஆகவே முதலில் நீங்கள் கிரீம் ஆளா, சோப்பு ஆளா என்று முடிவு செய்யுங்கள். கடையில் செய்ய வேண்டிய சோதனையும் வேறு. முடியைக் கட்டை விரலால் நடுவில் பிளந்து, அடிவரை நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தி விட்டால் எழுகிறதா? மெல்ல இழுத்தால் கையோடு வருகிறதா?

அடுத்த தவறு, ‘பேட்ஜர்’ என்ற சொல்லுக்கு மயங்குவது. பேட்ஜர் என்பது முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை ஓடுகிற, வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். அடி வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, நுனி வெளுப்பு என்பது அதன் அடையாளம். அந்தப் பட்டையைப் பன்றி முடியிலும் சாயம் போட்டு வரைந்துவிடலாம், நைலானிலும் வரைந்துவிடலாம். முந்நூறு ரூபாய்க்கு ‘பேட்ஜர்’ கிடைத்தால் அது ஒன்று பேட்ஜராக இருக்காது, அல்லது சொரசொரப்பான கடைநிலை முடியாக இருக்கும். இந்தப் போலி நேற்று வந்ததல்ல. முதல் உலகப் போரின்போது நல்ல பேட்ஜர் முடி கிடைக்காமல் போக, குதிரை முடியைப் பேட்ஜர் போலவே தயாரித்து விற்றார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. நம் ஊரில் மாட்டுக்கு வருமே அடைப்பான், அதே நோய். 1915 முதல் 1924 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஷேவிங் பிரஷ் வழியாகவே அது தொற்றியது. இன்று அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் பட்டையைப் பார்த்துப் பணம் கொடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

குறைந்த விலையில் உருப்படியாகக் கிடைப்பவை இரண்டுதான்: பன்றி முடி, செயற்கை இழை.

பன்றி முடியில் எல்லாரும் செய்யும் தவறு, முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவது. புதிதில் அது துடைப்பம் மாதிரி குத்தும். ஈரம் பட்டால் தொழுவ வாடை வேறு அடிக்கும். என் முதல் ஒமேகாவை (இத்தாலியின் பொலோனியாவில் 1931 முதல் பிரஷ் செய்கிறவர்கள்) நாலாம் நாளே வாஷ்பேசின் கழுவ ஒதுக்கிவிட்டேன். அது என் தவறு. பன்றி முடியின் நுனி, பயன்படுத்தப் பயன்படுத்த இரண்டு மூன்றாகப் பிளந்து பஞ்சு போல ஆகும். தலைமுடியில் நுனி வெடித்தால் கவலைப்பட்டு எண்ணெய் தேடுகிறோம், இங்கே அந்த வெடிப்புக்காகத்தான் காத்திருக்கிறோம். பத்துப் பதினைந்து சவரம் ஆக வேண்டும். அதுவரை வாடை போக ஷாம்பு போட்டு அலசுங்கள், நுரையோடு ஓர் இரவு விட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் சவரத்துக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நிமிடமாவது ஊற வேண்டும். ஊறாத பன்றி முடி, நுரைக்கான தண்ணீரைத் தானே குடித்துவிடும். அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது. பன்றி முடியே ஆகாது என்பவர்களும் உண்டு. அவர்கள் அட்டையில் வெறுமனே ‘இயற்கை முடி’ என்று போட்டிருந்தால் வாங்காமல் இருப்பது நல்லது, பெரும்பாலும் அது பன்றி முடியாகத்தான் இருக்கும்.

செயற்கை இழை என்றதும் முகம் சுளிப்பவர்கள் பழைய நைலானை நினைத்துக்கொள்கிறார்கள். நைலான் 1938இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததே டூத் பிரஷில்தான். அதே மொத்தையான இழையை முகத்தில் தேய்த்தால் எப்படி இருக்கும்? பெட்டிக்கடையில் தொங்கும் நூறு ரூபாய் பிரஷ் இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. இப்போது வரும் நல்ல இழை வேறு ரகம்: மெல்லியது, நுனி கூராகச் சிறுத்தது, ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், வாடை இல்லை. சீனாவின் யாக்கி போன்ற நிறுவனங்கள் இதை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்துவிட்டன. முதல் பிரஷ் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு பழக்கம் மாற வேண்டும். இந்த இழை தண்ணீரை உறிஞ்சாது, இடுக்குகளில்தான் தேக்கிவைக்கும். நனைத்ததும் இரண்டு உதறு உதறிவிட்டுக் கிரீமைத் தொடுங்கள். சொட்டச் சொட்ட எடுத்தால் நுரை கஞ்சித் தண்ணீராகி முழங்கைவரை வழியும்.

அளவைப் பார்க்காமல் வாங்குவது இன்னொன்று. இணையத்தில் படத்தைப் பார்த்தால் எல்லா பிரஷும் பெரிதாகவே தெரியும். பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்: முடிக்கொத்தின் விட்டம், கைப்பிடிக்கு மேல் முடியின் நீளம். விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர், நீளம் 50 முதல் 55 இருந்தால் முகத்தில் நேரடியாக நுரை அடிக்கவும் கிண்ணத்தில் அடிக்கவும் தோதாக இருக்கும். 28, 30 என்று போனால் கிரீம் செலவு ஏறும், நுரை மூக்குக்குள்ளும் போகும். இந்த எண்களையே போடாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

ரேசர், கிண்ணம், ஸ்டாண்ட், பிரஷ் எல்லாம் சேர்ந்த பளபளப்பான செட்டை விட்டுவிடுங்கள். விலையை அடக்க அவர்கள் கை வைக்கும் இடம் பெரும்பாலும் பிரஷ்தான். ஸ்டாண்டும் கட்டாயமில்லை. தலைகீழாகத் தொங்கினாலும் நிமிர்ந்து நின்றாலும், பிழிந்து உதறிக் காற்றுப் படும்படி வைத்தால் போதும். மூடிய அலமாரிக்குள் ஈரத்தோடு வைப்பதுதான் கெடுதல்.

நல்ல பிரஷையும் கெடுக்க வழி உண்டு. கொதிநீரில் முக்கினால் முடியைப் பிடித்திருக்கும் பசை இளகும். அழுத்திச் சுழற்றிக்கொண்டே இருந்தால் நடுவில் முடி உடைந்து வடை போல ஓட்டை விழும். சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்படியும் இப்படியும் தடவுவதும் இடையிடையே சுழற்றுவதுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதல் சில நாள் நாலைந்து முடி உதிர்வது சகஜம். பத்து சவரத்துக்குப் பிறகும் நுரையில் முடி பொறுக்க வேண்டியிருந்தால் பசை சரியில்லை, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிரஷின் மேல் பழி போடும் முன் குழாயைப் பாருங்கள். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாளி ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி பிசுக்காகி முடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து பிரஷை ஊறவைத்து அலசினால் அது விடும். இது தெரியாமல் நல்ல செயற்கை பிரஷ் ஒன்றை ‘நுரையே வரவில்லை’ என்று திட்டி, திருச்சியில் இருக்கும் மச்சானிடம் தள்ளிவிட்டேன். அடுத்த தீபாவளிக்குப் போனபோது அவர் காவிரித் தண்ணீரில் அதை நனைத்து, பட்டாணி அளவு கிரீமில் முகம் முழுக்கப் பொங்க வைத்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கேட்டேன். “கொடுத்தது கொடுத்ததுதான் மாப்ள” என்றார், நுரைக்குள்ளிருந்து.