வயலில் நிற்கிற உடம்புக்கு எதற்கு உடற்பயிற்சி?

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் விடியவே நடக்க வருகிறவர்களைக் காணும்போது எனக்குச் சந்தோசம். அதே கட்டால் சைக்கிளில் வயலுக்குப் போகிற ஒருவரை மறித்து, "அண்ணை, நீங்களும் கொஞ்சம் நடக்கலாமே" என்று கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, பொழுதுபடும் வரைக்கும் மண்வெட்டியோட நிக்கிறன். எனக்கு ஏன் உடற்பயிற்சி?" பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிவருகிற எனக்கே இந்தப் பதில் நெடுங்காலம் சரியாகத்தான் பட்டது. இப்போது இதைத்தான் முதற்பிழை என்பேன்.

உழைக்கிற உடம்பு நல்ல உடம்பு என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஜெரி மொறிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 1953 இல் வெளியிட்ட ஆய்வு இலண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றியது. இருந்தபடியே ஓட்டுகிற சாரதிகளைவிட, இரண்டு தட்டு பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் எல்லா உழைப்பும் படியேறுகிற உழைப்பு அல்ல. டென்மார்க்கில் அன்ட்ரேயாஸ் ஹோல்ட்டர்மன் குழுவினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து 2021 இல் எழுதினார்கள். ஓய்வு நேரத்தில் நடந்து, ஓடி, விளையாடியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவு. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு இரண்டும் அதிகம். வறுமையும் புகைத்தலும் இதில் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. ஆனாலும் அவர்கள் சொல்கிற காரணத்தை நம் வயலில் வைத்துப் பாருங்கள். பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது. குனிந்த நிலையிலேயே மணிக்கணக்காக நிற்கும்போது தசை இறுகிக் கிடக்கிறது. மூச்சு வாங்குகிற அளவுக்கு இதயம் வேலை செய்வதும் இல்லை, ஆற அமர ஓய்வும் இல்லை. நாளைக்கும் அதே வேலை.

முன்பு உழவும் நடை, அருவி வெட்டும் நடை. இப்போது உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது வெட்டு மெசின், வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிள். மிச்சம் இருப்பது உரமூட்டை தூக்குவதும் மருந்து டாங்கியை முதுகில் சுமப்பதும். வயல் வேலை இருந்தபடி செய்கிற வேலையாகவும் சுமக்கிற வேலையாகவும் பிரிந்து, இடையில் இருந்த நடை காணாமல் போய்விட்டது. இதயத்துக்கு வேண்டியது அந்த நடைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்ன அளவு, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்தில் உடலை அசைப்பது. நடுத்தர வேகம் எது என்று அறிய மணிக்கூடு வேண்டாம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. மூட்டை தூக்கிய நாளில் அதற்கு மேலே ஓடச் சொல்ல மாட்டேன், அன்றைக்கு ஓய்வுதான் மருந்து. வேலை இல்லாத நாளில் கதிரையில் சாய்ந்துகிடக்காமல் அரை மணித்தியாலம் நடங்கள்.

இங்கே எனக்கு உண்மையாகவே பயம் தருகிற ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நாரி நோவுக்குக் கடையில் டைக்குளோபெனாக் வாங்கிப் போட்டுவிட்டு அப்படியே வெய்யிலுக்குள் இறங்குவது. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இந்த வகைக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் எத்தனை விவசாயக் குடும்பங்களை உலுப்பியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மிட்டாய் போல இதை விழுங்கக் கூடாது. நோவு நாலு நாளைக்கு மேல் நின்றால் டொக்டரிடம் போங்கள்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இல்ல மெய்வல்லுனர் போட்டி நெருங்கினால்தான் நமக்கு மரதன் நினைவு வரும். வருடம் முழுக்க ரியூசன் வாங்கில் இருந்த பிள்ளையை இரண்டு கிழமைப் பயிற்சியோடு தார் றோட்டில் விடுகிறோம். உடம்பு வெக்கைக்குப் பழக 7 முதல் 14 நாள் எடுக்கும். அதற்குள் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்திச் சுரக்கத் தொடங்கும். இது நிழலில் இருந்தால் வராது, வெளியில் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓடினால்தான் வரும். தசைநாருக்கும் எலும்புக்கும் அதைவிட நீண்ட காலம் வேண்டும். ஆறு, ஏழு கிழமை முன்பே தொடங்குங்கள்.

ஒருமுறை கடைசித் திருப்பத்தில் ஒரு பொடியன் ஓடிவந்ததை மறக்க முடியவில்லை. கால்கள் ஒன்றை ஒன்று இடறின. பெயரைக் கேட்டேன், வேறு எதையோ சொன்னான். சுற்றி நின்றவர்கள் ஒரு சோடாப் போத்தலை உடைத்து வாயில் வைத்தார்கள். நானும் தடுக்கத் தெரியாமல் நின்றேன். அவன் தப்பியது அவன் அதிர்ஷ்டம். ஓட்டத்தில் ஒருவர் தடுமாறி, கதை குழம்பினால் அது வெறும் களைப்பு அல்ல. உள்ளுடம்பு 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கலாம். நினைவு தெளியாதவருக்கு எதையும் பருக்கக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்து வரை இறக்கலாம். ஒருவர் அம்புலன்சுக்கு 1990 இலக்கத்தில் எடுக்க, மற்றவர்கள் ஊற்ற வேண்டும். முதலில் குளிர்த்துவது, பிறகுதான் ஏற்றுவது.

தண்ணீரிலும் இரண்டு பக்கப் பிழை உண்டு. குடிக்காமல் ஓடுவது ஒன்று. நீண்ட ஓட்டத்தில் தாகம் இல்லாமலே குடித்துக்கொண்டே இருப்பது மற்றது. 2002 பொஸ்டன் மரதனில் இரத்தம் சோதித்த 488 பேரில் 13 வீதமானவர்களுக்குச் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்ததுதான் முக்கிய காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். வெய்யிலில் நெடுநேரம் வியர்த்தவருக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கலாம், ஆனால் பக்கெற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்.

அடுத்த நாள் தொடை நோவை 'லக்ரிக் அசிட் தேங்கிவிட்டது' என்கிறோம், அதுவும் பிழை. தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகிற அந்த அமிலம் ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடும். ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்கு வருகிற நோவு, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் விழும் நுண்ணிய காயம். இறக்கத்தில் ஓடினால் கூடுதலாக வரும். தானாக ஆறும். ஓடுவதற்கு முன் அசையாமல் நின்று இழுத்துப் பிடிப்பதால் இந்த நோவு பெரிதாகக் குறைவதில்லை. மெதுவோட்டமும் கைகால் வீச்சும் தொடக்கத்துக்கு நல்லது.

கைபேசி சொல்கிற 10,000 காலடிக் கணக்கையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது 1965 இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்து 2019 இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிலேயே மரணம் தெளிவாகக் குறைந்தது. 7,500 அளவில் அந்தப் பலன் சமநிலைக்கு வந்தது. இப்போது நடப்பதைவிட ஆயிரம் அடி கூட்டினாலே நல்லது.

வன்னியில் எழுதிக்கொண்டு ஒரு கால் இழந்தவர்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. "பாவம், அவர் இருக்கட்டும்" என்பது அன்பால் வருகிற பிழை. செயற்கைக் காலோடு நடக்கக் கூடுதல் சக்தி செலவாகும், முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு இன்னும் கூட. அதனால் நடை குறைகிறது, எடை ஏறுகிறது, இதயம் பாதிக்கப்படுகிறது. உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டலில் முதன்முதலாகச் சேர்த்தது. கையால் சுற்றுகிற சைக்கிள், நீச்சல், இருந்தபடி பாரம் தூக்குதல் எல்லாம் அவர்களுக்கும் உரியவை. கரப்பந்தை இருந்தபடி ஆடவும் முறை இருக்கிறது. ஊர்க் கழகங்கள் ஒரு வலையைத் தாழ்த்திக் கட்டினால் போதும்.

கடைசியாக அம்மம்மாக்கள். வயது போனவர்கள் பாரம் தூக்கக் கூடாது என்ற எண்ணம்தான் அவர்களைப் படுக்கையில் போடுகிறது. 1990 இல் மரியா ஃபியற்றரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லமொன்றில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை காற்பயிற்சி கொடுத்தார். கால் வலு சராசரியாக 174 வீதம் கூடியது. தொண்ணூறிலும் தசை கேட்கிறது.

வீட்டிலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கைபிடி இல்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு அண்ட வையுங்கள். பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், வழுக்கும். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பித் திரும்ப இருக்கிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் பெண்களுக்கு 12 க்கும் ஆண்களுக்கு 14 க்கும் கீழே போனால் அது குறைவு, விழுகிற அபாயம் கூட. அவர் கையை ஊன்றாமல் ஒரு தரமும் எழும்ப முடியாதவராக இருந்தால் கை ஊன்றியே தொடங்கட்டும். காலையில் ஐந்து தரம், மாலையில் ஐந்து தரம், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இரண்டு கிழமை கழித்து ஒரு கையை மட்டும் எடுத்துப் பாருங்கள்.