நெட் வரவில்லை என்றதும் ரீசெட்டில் கை வைக்காதீர்கள்

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீடு. மகள் பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நெட் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அவள் அப்பா ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் ஓட்டையில் ஊக்கு முனையை விட்டு அழுத்திவிட்டார். "அணைச்சுப் போட்டுப் பார்த்தேனுங்க, வரலீங்க. சரின்னு இந்த ஓட்டையிலயும் ஒரு அழுத்து அழுத்திட்டேனுங்க" என்றார்.

உண்மையான கோளாறு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. முந்தின நாள் வீட்டைக் கழுவிவிட்டு பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருக்கிறார்கள். மஞ்சள் நிற ஃபைபர் ஒயர் நடுவில் மாட்டி மடங்கிக் கிடந்தது. பீரோவை நான்கு விரல்கடை முன்னால் இழுத்து ஒயரை நீவிவிட்டதும் பெட்டியில் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் ரீசெட் செய்ததில் நெட் நிறுவனம் போட்டுக் கொடுத்திருந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துவிட்டன. அவற்றைத் திரும்ப வாங்கிப் போட மதியம் மூன்று மணி ஆனது. அதுவரை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வீட்டு நெட் கோளாறுகளில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இதே வகைதான். எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எதையாவது மாற்றிவிடுகிறோம். தெருவிலிருந்து பெட்டி வரை ஒரு பகுதி, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை காற்றில் ஒரு பகுதி, கம்ப்யூட்டருக்குள் ஒரு பகுதி. இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் விளக்கைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி வரவில்லை என்று அர்த்தம். அப்போது கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் பயனில்லை. ஃபைபருக்குள் ஓடுவது மின்சாரம் இல்லை, வெளிச்சம். கண்ணாடி இழை ரொம்ப மடங்கினால் அந்த இடத்தில் வெளிச்சம் கசிந்துபோகும். கை வளையல் அளவுக்குச் சுற்றி வைக்கலாம், பென்சில் அளவுக்கு மடக்கக் கூடாது.

விளக்கெல்லாம் பச்சையாக இருந்தால் போனில் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மொபைல் டேட்டாவை அணைக்காமலேயே பார்த்துவிட்டு, போனில் வருகிறது, கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் பாருங்கள்.

போனில் வந்து கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால், விண்டோஸில் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்கான எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அந்தக் கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. வைஃபையைத் துண்டித்து, பாஸ்வேர்டை மறக்கச் சொல்லி, மறுபடி இணையுங்கள். முகவரி சரியாக இருந்தால் அதே திரையில் 'டீஃபால்ட் கேட்வே' என்று ஓர் எண் இருக்கும், அதுதான் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. அதற்கு 'பிங்' (ping) கொடுங்கள், பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை அது. அப்புறம் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு ஒரு பிங். முதலாவதற்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வராவிட்டால் தடை ரவுட்டரிலோ அதைத் தாண்டியோ இருக்கலாம், போனிலும் இன்னொரு முறை பாருங்கள். இரண்டுக்கும் வந்து தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம் சந்தேகப்படலாம்.

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுவதில் எதுவும் அழியாது, தாராளமாகச் செய்யலாம். ரீசெட் கடைசி வழி. சில பெட்டிகளில் நிறுவனமே தூரத்திலிருந்து விவரங்களைத் திரும்பப் போட்டுவிடும், எல்லாவற்றிலும் அப்படி இல்லை. யூசர்நேமை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பதிலும் அக்கறை வேண்டும். டிவி ஸ்டாண்டுக்குள், இரும்பு பீரோ மேல், நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் என்று ஒளித்து வைக்கிறார்கள். இரும்பும் கண்ணாடியின் ரசமும் அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் விழுங்கிவிடும், அதனால் மீன் தொட்டி பக்கத்திலும் வேண்டாம். வைஃபை பெரும்பாலும் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தூரம் போகும், ஆனால் கூட்டம் அதிகம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருவில் எல்லோருடைய ரவுட்டரும் அதில்தான் பேசுகிறது. அந்த 2.4-க்குள் இருக்கும் பிரிவான சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவைதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது.

கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் வைஃபை டாங்கிளை, அதாவது வைஃபை பிடிக்கும் சின்ன யூஎஸ்பி குச்சியை, செருகுவதும் அப்படித்தான். ஒரு பக்கம் தகரம், ஒரு பக்கம் சுவர். பக்கத்து ஓட்டையில் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடினால் அதன் இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும், இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை ஆவணமாக வெளியிட்டது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிளை மேசை மேல் வையுங்கள். புது ரவுட்டர் வாங்கியும் தீராத பிரச்சினை இந்த ஒயரில் தீர்ந்ததைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டுக்கு வேலையாகப் போனால் கேட்கிற பேச்சு வேறு. "பனி இறங்கினா வைஃபை போயிருதுங்க." வீட்டுக்குள் இருக்கும் சில மீட்டர் தூரத்தில் பனி வைஃபை அலையை அசைக்கவே அசைக்காது. பழியைப் பனி மேல் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தை யாரும் தேட மாட்டார்கள். சில்வர் ஓக் கிளை ஒடிந்து ஒயர் மேல் சாய்ந்திருக்கும், குரங்கு தொங்கி இழுத்திருக்கும், வெளியில் இருக்கும் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் கரண்ட் தாழ்ந்து ரவுட்டர் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்துகொண்டிருக்கும். காப்பித் தோட்டத்தில் பங்களாவிலிருந்து பக்கத்துக் குடியிருப்புக்கு மரங்களுக்கு நடுவே வைஃபை எடுக்கிறவர்களுக்கு மட்டும் நனைந்த இலை நிஜமாகவே தடைதான்.

கோடை மழையில் இடி இடிக்கும்போது அடாப்டரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் ஒயரையும் கழற்றுங்கள். அடாப்டர் போய்விட்டால் முள் பொருந்துகிறது என்று வேறு எதையாவது செருகாதீர்கள். 12 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்தால் விளக்கு எரியலாம், ஆனால் சிக்னல் விட்டு விட்டு வரும். 9 கேட்பதற்கு 12 கொடுத்தால் பெட்டியே போய்விடலாம்.

பழைய கம்ப்யூட்டரில் ஒரு விசித்திரம் உண்டு. கரண்ட் போய் வந்ததும் வைஃபை இணைந்திருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ் குறிப்பிட்ட தேதிகளுக்குள்தான் செல்லும், அதனால் கம்ப்யூட்டர் நம்ப மறுக்கிறது. உள்ளே இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்காக ஃபார்மேட் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஃபார்மேட் செய்தால் வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரும் போய்விடலாம், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். அப்படி மாட்டிக்கொண்டால் போனை யூஎஸ்பி ஒயரில் இணைத்து, போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போடுங்கள்.

இணைப்பு சுலபமாகும் என்று பாஸ்வேர்டை எடுத்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தெருவில் போகிறவர் உங்கள் இணைப்பில் எதைச் செய்தாலும் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

இத்தனையும் பார்த்த பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது, "நெட் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த விளக்கு என்ன நிறம், எத்தனை மணியிலிருந்து, போனில் வருகிறதா, லேன் ஒயரில் வருகிறதா என்று சொல்லுங்கள். சிவப்பு எல்ஓஎஸ் என்று கேட்டால் ஒயர் பார்க்கிற ஆளை அப்போதே அனுப்பலாம்.