சடங்கு இல்லாத் திருமணம்: எந்தச் சட்டம், எத்தனை நாள், என்னென்ன தாள்

தமிழ்நாட்டில் ஐயரோ பாதிரியாரோ காஜியோ இல்லாமல் மணம் முடிக்க இரண்டு சட்ட வழிகள் உண்டு. ஒன்று, இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. சுயமரியாதைத் திருமணம் இதன்கீழ் வருகிறது. மற்றது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டும் உங்களிடம் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்பதில்லை. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்பதில் பலர் சறுக்கிவிடுகிறார்கள். அந்தச் சறுக்கல் திருமணத்தன்று தெரியாது. பல ஆண்டு கழித்து குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதோ, சொத்தில் பங்கு பிரிக்கும்போதோதான் தலைகாட்டும். ஆகவே மண்டபம் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள்.

சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

நாத்திகர் ஆகிவிட்டதால் மட்டும் யாரும் பிறந்த மதத்தின் தனிநபர் சட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுவதில்லை. இந்துக் குடும்பத்தில் பிறந்து கோயில் வாசலையே மிதிக்காதவரையும் இந்துத் திருமணச் சட்டம் இந்து என்றே கொள்ளும். பௌத்தர், சமணர், சீக்கியரும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். மணமக்கள் இருவருமே இந்த வட்டத்துக்குள் என்றால் இரண்டு வழிகளில் எதையும் எடுக்கலாம்.

ஒருவர் முஸ்லிம் அல்லது கிறிஸ்தவர் என்றால் 7ஏ பொருந்தாது. சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இந்துவும் கிறிஸ்தவரும் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றி, அதைச் சுயமரியாதைத் திருமணம் என்று எழுதி வைத்துக்கொண்டால், 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அது செல்லாது. விழா எவ்வளவு சிறப்பாக நடந்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் 30 நாள் அறிவிப்புக் காலத்தைக் காத்திருக்க முடியாமல், ஒருவர் பெயரளவுக்கு மதம் மாறி உடனே முடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். நம்பாத ஒன்றை நம்புவதாகக் கையெழுத்திட்டு இல்வாழ்க்கையைத் தொடங்குவது வேதனையான காரியம். நடைமுறை இழப்பும் உண்டு: பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதியை இழப்பார். சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் எந்த மதத்தையும் ஏற்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். 1872-இல் வந்த பழைய சிறப்புத் திருமணச் சட்டம்தான் ‘எனக்கு இந்த மதம் இல்லை’ என்று எழுதித் தரச் சொன்னது. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை.

உறவுக்குள் மணப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் மூவருமே சிறப்புத் திருமணச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தடை செய்யப்பட்ட உறவுகள். வழக்கத்தைக் காட்டி விலக்குப் பெற இடமுண்டு, ஆனால் அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தில் சமூக வழக்கமே போதும். எனவே முறைப்பெண்ணைச் சடங்கில்லாமல் மணக்க 7ஏ-தான் சிக்கலற்ற வழி.

7ஏ வழி

1928 முதல் இத்தகைய திருமணங்கள் நடந்துவந்தாலும், 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லாது என்றது. அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்தவற்றையும் அது செல்லுபடியாக்கியது.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் இவற்றில் ஒன்று நடந்தால் போதும்: இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது விரலில் மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது. தாலி கட்டாயமில்லை. தலைமை தாங்க ஒருவர் வேண்டும் என்றும் சட்டத்தில் இல்லை. ஊரறிய நடத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. வழக்கறிஞர் நண்பராக முன்னின்று நடத்தலாம், தொழில்முறையில் நடத்தக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஒன்று போதும் என்றாலும், உறுதிமொழியையும் மாலை மாற்றுதலையும் சேர்த்தே செய்யுங்கள். பின்னால் யாராவது மறுத்தால் சாட்சி சொல்ல எளிது. உறுதிமொழி இரண்டு வரி இருந்தால் போதும்: “இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இவரை என் வாழ்க்கை இணையாக ஏற்கிறேன். எல்லா உரிமையும் கடமையும் எங்கள் இருவருக்கும் சமம்.” இருவரும் ஒரே வாசகத்தைச் சொல்வது முக்கியம். பெண்ணுக்கு மட்டும் ‘கீழ்ப்படிவேன்’ என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் இந்த முறையின் உயிரே போய்விடும். வாழ்த்துரைகளுக்கு முன்பே உறுதிமொழியை முடித்துவிடுங்கள். பேச்சு நீண்டால் சாட்சியாக இருக்க வேண்டியவர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள். உறுதிமொழி சொல்வதை முழுதாகக் காணொலி எடுத்துவையுங்கள்.

அடுத்தது பதிவு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம். திருமணத்தை நடத்திவைத்த அமைப்போ தலைமை தாங்கியவரோ தரும் சான்றிதழ் திருமணம் நடந்ததற்கு ஆதாரம். அது பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பதியாமலே விடுபவர்கள் பலர். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகளோடு இருவரும் சார்பதிவாளர் முன் போக வேண்டும். கோயில் ரசீது இல்லாத இடத்தில் அழைப்பிதழ்தான் பெரிய ஆதாரம். எனவே எளிமையாகவாவது ஒன்றை அச்சடியுங்கள். நாள், நேரம், இடத்தின் முழு முகவரி, மணமக்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும்.

அதிகம் திருப்பி அனுப்பப்படுவது பெயரால்தான். ஆதாரில் முன்னெழுத்து, மதிப்பெண் சான்றிதழில் தந்தையின் முழுப்பெயர், அழைப்பிதழில் செல்லப்பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் அலுவலகத்தில் நின்றுவிடும். திருத்த வேண்டியதை இரண்டு மாதம் முன்பே திருத்துங்கள்.

சிறப்புத் திருமணச் சட்ட வழி

ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவருக்கும் உயிரோடுள்ள வேறு துணை இருக்கக் கூடாது. இருவரில் ஒருவராவது அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அது சொந்த ஊராக இருக்கத் தேவையில்லை, வேலை பார்க்கும் ஊரும் சரி. வாடகை ஒப்பந்தம் போன்ற தாள் கையில் இருக்கட்டும். பொய் முகவரி வேண்டாம், பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு.

திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்ததும் அதன் நகல் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கும் ஒட்டப்படும். ஒட்டிய நாளிலிருந்து 30 நாள் கழிய வேண்டும். அதேசமயம் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மணம் முடியாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜனவரி 10 அன்று கொடுத்து அன்றே ஒட்டினால், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. விழாவை மார்ச்சில் வையுங்கள். கொடுத்த நாளை மட்டும் குறித்துக்கொண்டு 31-ஆம் நாள் போய் நிற்காதீர்கள். என்று ஒட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்சேபம் யார் வேண்டுமானாலும் தரலாம். ஆனால் வயது, வேறு துணை, மனநிலை, தடை செய்யப்பட்ட உறவு ஆகிய சட்ட நிபந்தனைகள் பற்றி மட்டுமே. ‘பெற்றோருக்குச் சம்மதமில்லை’, ‘வேறு மதம்’, ‘வேறு சாதி’ எதுவும் ஆட்சேபமே அல்ல. அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். காரணமற்ற ஆட்சேபத்துக்கு 1,000 ரூபாய் வரை இழப்பீடு விதிக்கவும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. வீட்டு முகவரிக்கு அறிவிப்பு அனுப்பச் சட்டம் சொல்லவில்லை. அப்படி அனுப்பக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் சொன்னது.

பலகையில் பெயர் வருவது சிலருக்கு உயிராபத்து. மிரட்டல் இருந்தால் அறிவிப்புக் கொடுப்பதற்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு இருவரும் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் இத்தகைய இணையருக்குச் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் அமைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

திருமணத்தன்று 3 சாட்சிகள் வேண்டும். நால்வரை அழைத்துப் போங்கள், ஒருவரின் அடையாள அட்டையிலாவது சிக்கல் வரும். இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு, அலுவலர், சாட்சிகள் முன்னிலையில், ஒருவரையொருவர் சட்டப்படியான துணையாக ஏற்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம். இதைச் சொல்லாதவரை திருமணம் முழுமையாகாது. கூடுதல் கட்டணம் கட்டினால் அருகிலுள்ள மண்டபத்துக்கே அலுவலர் வரவும் வழியுண்டு. சான்றிதழில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு எழுத்தையும் படியுங்கள்.

சொத்தில் என்ன மாறும்?

இருவரும் இந்து, பௌத்த, சமண, சீக்கியர் என்றால் வாரிசு முறையில் மாற்றமில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 21ஏ பிரிவு அதை உறுதி செய்கிறது. மற்றவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் இறந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்குப் பங்கு இல்லை. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் உயில் எழுதித்தான் ஆக வேண்டும்.

மதச் சடங்கோடு முன்பே மணந்தவர்களும் 15-ஆம் பிரிவின்கீழ் இந்தச் சட்டத்துக்குள் வரலாம். 21 வயது நிறைந்த இருவரும், சடங்கு நடந்த நாளிலிருந்து சேர்ந்து வாழ்ந்துவருபவர்களாக இருந்து, மாவட்டத்தில் 30 நாள் குடியிருப்பைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். இங்கும் 30 நாள் பொது அறிவிப்பு உண்டு. கேரள வழக்கறிஞர் சி. ஷுக்கூரும் அவர் மனைவியும் 2023 மார்ச் 8 அன்று இந்தச் சட்டத்தின்கீழ் மீண்டும் மணந்தது, முஸ்லிம் தனிநபர் சட்டப்படி உறவினருக்கும் பங்கு போகாமல், சொத்து முழுவதும் தங்கள் மகள்களுக்கே போக வேண்டும் என்பதற்காகத்தான். 15-ஆம் பிரிவில் பதிபவர்கள், சடங்குக்குப் பின் பிறந்த பிள்ளைகள் எல்லோரின் பெயரும் திருமணச் சான்றிதழ்ப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று அன்றே, அலுவலகத்திலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.