கரைப்பறவை பார்க்கக் கிளம்பும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்துக்குச் செல்பவர்கள் விடியற்காலையைக் கணக்கிடாமல் கடல் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, கணக்கிடுங்கள். உயர் ஓதத்துக்கு 2 மணி நேரம் முன்பே பறவை பார்ப்பதற்கான மறைவிடத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் அருகிலுள்ள மண்டாய்ச் சேற்றுவெளியில் தொலைதூரப் புள்ளிகளாகச் சிதறி இரை தேடும். ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும் சுங்கை பூலோ காப்பகத்தின் குளங்களுக்குக் கூட்டமாக வந்து இறங்கும். வடக்கிலிருந்து வலசை வரும் பவளக்காலி, உப்புக்கொத்தி ஆகிய கரைப்பறவைகள் அப்போது எதிரிலேயே நிற்கும். ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகு இறகில் செருகித் தூங்கும் பவளக்காலியின் செம்மஞ்சள் காலை நிதானமாகப் பார்க்கலாம். அந்த உறக்கம் அதற்கு மிகவும் தேவை. தயவுசெய்து நெருங்கிப் போய்க் கலைக்காதீர்கள்.

ஓதம் குறைவாக ஏறும் நாட்களில் சேறு முழுவதும் மூழ்காது, பறவைகளும் வராமல் போகலாம். ஏரி, வயல், பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே வெயில் ஏறும் முன் போவதே நல்லது.