சியெம் ரீப்: இடம் சரி, நேரம்தான் தப்பு

அங்கோர் கோயில்களைப் பார்க்கக் கம்போடியா போகிறவர்கள் தங்குவது சியெம் ரீப் ஊரில். திரும்பி வந்தவர்களைக் கேட்டால் புலம்பல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: சரியான கூட்டம், வெயில் கொளுத்தியது, இரண்டாவது நாள் எல்லாக் கோயிலும் ஒன்று போலவே தெரிந்தது. அவர்கள் போன இடங்களில் தப்பில்லை. ஊரே ஒரே வழியில், ஒரே வரிசையில், ஒரே மணிக்குப் போகிறது, அவர்களும் அதே கும்பலோடு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி கடிகாரத்தையும் காலண்டரையும் பார்க்காததால் வருபவை.

முதலில் எல்லாரும் பார்க்க ஓடும் அந்தச் சூரிய உதயம். அங்கோர் கோயில்களில் மிகப் பெரியதான அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் எழும், அதனால் விடியலில் கிடைப்பது கோபுரங்களின் கறுத்த நிழலுருவம் மட்டுமே. அது அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இடப்பக்கக் குளத்தங்கரையில் முன்னூறு நானூறு பேர் மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, நீங்கள் யாரோ ஒருவரின் முழங்கைக்கு நடுவே அதைப் பார்க்க வேண்டியிருக்கும். உண்மையான தவறு அதற்கு அப்புறம் நடக்கிறது. சூரியன் மேலே வந்ததும் அத்தனை பேரும் காலைச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆறரை மணிக்குக் கோயிலின் உள்பக்கம் காலியாக இருக்கும், காற்றில் குளிர்ச்சி இருக்கும், இவ்வளவு தூரம் வந்தவர் அந்த நேரத்தில் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பையில் ரொட்டியும் வாழைப்பழமும் போட்டுக்கொண்டு போங்கள். விடிந்ததும் நேராக உள்ளே நடங்கள்.

உள்ளே போய் எதைப் பார்ப்பது என்பதையும் திசை பார்த்து முடிவு செய்யுங்கள். கீழ்த்தளத்தைச் சுற்றிப் புடைப்புச் சிற்பங்கள் நிறைந்த நீண்ட மண்டபங்கள் இருக்கின்றன. கிழக்கு மண்டபத்தில் பாற்கடல் கடையும் காட்சி, ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். நடுவில் திருமால், கீழே ஆமை, இருபுறமும் வாசுகியைப் பிடித்து இழுக்கும் அசுரர்களும் தேவர்களும். காலை வெளிச்சம் அந்தப் பக்கம் விழும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும். மேற்கு மண்டபத்தில் ஒரு பாதி குருட்சேத்திரப் போர், மறு பாதி இலங்கைப் போர். இதற்கு மாலை வெளிச்சம்தான் சரி. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடியுங்கள், அனுமன் தோளில் நின்று அம்பு விடும் ராமனையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கதைகளை யாரும் நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் ஐரோப்பியர் கையேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதை நாம் ஒரே பார்வையில் படித்துவிடலாம். இந்த வசதி இருந்தும் நம்மவர்களில் பலர் சிற்ப மண்டபத்தைப் பத்து நிமிடத்தில் கடந்து, மேலே ஏறும் படிக்கட்டு எங்கே என்று விசாரிக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘தமிழ் மன்னன் கட்டிய அங்கோர் வாட்’ செய்தியை நம்பி, உள்ளூர் வழிகாட்டியிடம் போய் ‘எங்க ராஜா கட்டினது’ என்று ஆரம்பிக்காதீர்கள். 12ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இதைத் திருமாலுக்காகக் கட்டியவன் கெமர் (கம்போடிய) அரசன் இரண்டாம் சூரியவர்மன். கம்போடியாவின் கொடியிலேயே இருக்கும் கோயில் இது, அவர்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று யோசியுங்கள். உண்மையான தொடர்புகளே போதுமான அளவு சுவையானவை: கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்து வழியிலிருந்து வந்தது, காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் நட்பை நாடி ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. இதைச் சொன்னால் வழிகாட்டியும் ஆர்வமாகக் கேட்பார்.

அடுத்த பெரிய தவறு ஒருநாள் டிக்கெட். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. இந்த விலை 2017இல் வந்தது. அங்கோர் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். இதை ஒரே நாளில் முடிப்பேன் என்று கிளம்புகிறவருக்கு மதியம் இரண்டு மணிக்கு எல்லாக் கல்லும் ஒரே கல்லாகத்தான் தெரியும், அதில் ஆச்சரியம் இல்லை. மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளாகவும் இருக்கலாம். நடுவே ஒரு நாள் ஓய்வெடுத்தால் கண்ணும் காலும் இரண்டுமே பிழைக்கும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும்.

டிக்கெட்டைக் கோயில் வாசலில் வாங்கலாம் என்று நினைத்து அதிகாலை நாலரை மணிக்கு நேரே அங்கே போய் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்பனை நிலையம் தனியாக, ஊருக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது, இணையத்திலும் வாங்கலாம். முந்தின நாள் மாலை 4.45க்கு மேல் வாங்கினால் அது மறுநாளுக்கான டிக்கெட். ஆனாலும் அன்று மாலையே உள்ளே விட்டுவிடுவார்கள், அஸ்தமனம் ஓசியில் பார்த்தது போலாகும்.

ஆட்டோ மாதிரியான துக்துக் வண்டியின் ஓட்டுநர் விஷயத்துக்கு வருவோம். ‘ஸ்மால் சர்க்யூட்’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பழக்கப்பட்ட வழியில் கூட்டிப்போவார்: விடியலில் அங்கோர் வாட், ஒன்பது மணிவாக்கில் பயோன், பதினோரு மணிக்கு தா ப்ரோம். சுற்றுலாப் பேருந்துகளும் இதே மணிக்கணக்கில்தான் ஓடுகின்றன. அவர் மேல் குற்றமில்லை, நீங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. வாடகை பேசும்போதே வரிசையையும் பேசுங்கள். மரவேர்கள் சுவரை விழுங்கிக்கொண்டிருக்கும் தா ப்ரோம் காலை ஏழரைக்குத் திறக்கிறது, திறந்தவுடன் நுழைந்தால் முதல் அரைமணி நேரம் நிம்மதி. ஏழாம் ஜெயவர்மன் தன் தாய்க்காக 1186இல் எழுப்பிய இந்த இடத்தில் பராமரிப்புப் பணி செய்வது நம் இந்தியத் தொல்லியல் துறை, அந்தப் பலகையையும் பாருங்கள். அதே அரசனின் பயோனை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த வெயிலில் அதன் கோபுரங்களில் செதுக்கிய பெரிய கல்முகங்களில் நிழல் விழுந்து ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாக இருக்கும். கீழே வெளிச்சுவரில் சந்தை, சேவல் சண்டை, சமையல், பிரசவம் என்று அந்தக் காலத்துச் சாதாரண மக்களின் வாழ்க்கை முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள். எனக்கு மேலே இருக்கும் முகங்களைவிட இதுதான் பிடிக்கும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எங்கும் போகாதீர்கள், அறைக்கு வந்து தூங்குங்கள்.

அங்கோர் வாட்டின் உச்சித்தளத்துக்குப் பக்கான் என்று பெயர். ஒரே சமயத்தில் நூறு பேரை மட்டும் மேலே விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கையில்லாத மேல்சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, படிக்கட்டு அவ்வளவு செங்குத்து. பலருக்குத் தெரியாத விஷயம், மாதத்தில் நான்கு நாட்கள் பௌத்தப் புனித நாளாக அது மூடியிருக்கும். நாம் வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரே இதற்குப் போதும்: அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகள். கணக்கு ஒரு நாள் முன்பின்னாக வரலாம் என்பதால் தங்குமிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்தமனத்துக்கு எல்லாரும் ஓடுவது நொம் பக்கெங் குன்றுக்கு. மேலே முந்நூறு பேருக்குத்தான் இடம், ஐந்தரை மணிக்குப் போய் வரிசையில் நின்றால் சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது. நாலு மணிக்கே ஏறுவதாக இருந்தால் போங்கள், இல்லையென்றால் அங்கோர் வாட் அகழிக்கரையில் உட்காருங்கள், உள்ளூர்க் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடுவது அங்கேதான்.

பந்தேய் ஸ்ரேய் கோயில் சியெம் ரீப்பிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதால் அதைக் கடைசி நாள் மதியத்துக்குத் தள்ளுகிறார்கள், அல்லது விட்டேவிடுகிறார்கள். இரண்டும் கூடாது. 967இல் எழுந்த சின்னஞ்சிறு சிவன் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தில் செதுக்கியதோ என்று சந்தேகப்பட வைக்கும் நுணுக்கம். கிழக்கு பார்த்தது, ஆகவே காலையில் முதல் வேலையாகப் போங்கள். கயிலையை அசைக்கும் ராவணனைப் பார்த்துவிட்டு, ஆடும் சிவன் இருக்கும் முகப்பின் கீழ் மூலையைக் கவனியுங்கள். வற்றிய உடலோடு அங்கே அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். வழிகாட்டி இதைச் சொல்லாமல் போகலாம், நீங்களே தேட வேண்டியதுதான்.

நொம் குலேன் மலைக்கு அங்கோர் டிக்கெட் செல்லாது, தனியாக 20 டாலர். அதைவிட முக்கியம், மலைப்பாதை குறுகல் என்பதால் முற்பகல் வரை வண்டிகள் ஏறுவதற்கு மட்டும், நண்பகலுக்கு மேல் இறங்குவதற்கு மட்டும். நண்பகலுக்கு அடிவாரம் சேர்ந்தால் அன்றைய நாள் போச்சு.

இப்போது காலண்டர். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அங்கே ஆண்டிலேயே கொடுமையான வெயில் அப்போதுதான். நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு என்பதால் கோயில்களில் உள்ளூர்க் கூட்டமும் சேரும், ஊரில் கடைகள் பல மூடியிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம், அதற்கேற்ற கூட்டம். மழைக்காலத்தை யாரும் பரிந்துரைப்பதில்லை, ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிடும், அகழிகள் நிரம்பியிருக்கும், கல்லெல்லாம் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். என் ஓட்டு இதற்கே.

தொன்லே சாப் ஏரியில் இந்த மாதக்கணக்கு இன்னும் முக்கியம். மழைக்காலத்தில் மீகாங் ஆற்று வெள்ளம் ஏரிக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அதன் பரப்பை ஐந்து மடங்குக்குப் பெருக்கிவிடும். கொம்போங் ப்ளுக் கிராமத்தில் உயரமான தூண்களின் மேல் வீடுகள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அவற்றுக்கு நடுவே படகில் போகலாம். ஏப்ரலில் போனால் ‘மிதக்கும் கிராமம்’ என்று பணம் கட்டிவிட்டு, காய்ந்த சேற்றில் நிற்கும் தூண்களை அண்ணாந்து பார்ப்பீர்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று சோங் நேஸ் படகுத்துறைக்குப் போவதை நான் தவிர்க்கச் சொல்வேன். பாதி வழியில் நிறுத்தி, கிராமப் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுங்கள் என்று நெருக்கும் கதைகள் அங்கே அதிகம்.

பிள்ளைகள் பேரைச் சொல்லிப் பணம் கேட்பது ஊருக்குள்ளும் உண்டு. கைக்குழந்தையோடு ஒருவர் வந்து காசு வேண்டாம், பால்பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்பார். வாங்கிக் கொடுத்த டப்பா நீங்கள் போனதும் கடைக்கே திரும்பும். கோயில் வாசலில் அஞ்சல் அட்டை விற்கும் சிறுவனிடம் வாங்கினால் அவன் நாளைக்கும் பள்ளிக்குப் போகமாட்டான். அனாதை இல்லத்தைச் ‘சுற்றிப் பார்க்க’ யாராவது கூப்பிட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள், பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் காட்சிக்கு வைக்கும் இடங்கள் உண்டு. நல்ல முறையில் செலவழிக்க வழி இல்லாமல் இல்லை. ஃபாரே சர்க்கஸுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள், விலங்குகள் கிடையாது, இளைஞர்களின் வித்தை மட்டும், வருமானம் பட்டம்பாங் ஊரில் இருக்கும் அவர்களுடைய கலைப்பள்ளிக்குப் போகிறது. கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் பெரிய எலிகளைக் காட்டும் அப்போபோ மையமும் பிள்ளைகளோடு போக ஏற்றது.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்கமாட்டார்கள், உங்களுக்கு மீதியாக வந்தாலும் அப்போதே மாற்றிக் கேளுங்கள். சில்லறையை உள்ளூர்ப் பணமான ரியெலில் தருவார்கள், ஏறத்தாழ நாலாயிரம் ரியெல் ஒரு டாலர். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது, மீன் சாஸ் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு விமான நிலையம் ஊரிலிருந்து பதினைந்து நிமிடம் என்று நம்பாதீர்கள். அந்த நிலையம் மூடப்பட்டு, 2023 அக்டோபரில் திறந்த புதியது ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, காரிலேயே ஒரு மணி நேரம் பிடிக்கும். பாங்காக்கிலிருந்து பேருந்தில் வரும் திட்டமும் இப்போது சிக்கல்தான். 2025இல் தாய்லாந்தோடு மோதல் வெடித்து எல்லைச் சாவடிகள் மூடப்பட்டன. டிக்கெட் போடுமுன் நிலவரத்தைப் பாருங்கள், எல்லையோரம் இருக்கும் ப்ரீயா விஹார் கோயிலையும் அதே எச்சரிக்கையோடு அணுகுங்கள். கிளம்பும் நாளில் மதிய விமானம் என்றால், காலையில் இன்னொரு கோயிலைத் திணிக்க வேண்டாம், பழைய சந்தையில் மிளகும் பனைவெல்லமும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுங்கள்.