‘மக்கள் காயின்’ செய்யப் புறப்படுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிப்டோவும் கம்யூனிசமும் ஒத்துப்போகுமா என்ற கேள்வியோடு காரைக்குடிப் பக்கம் இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். கையில் ஒரு கல்லூரி புராஜெக்ட், சிவப்பு நிறத்தில் ஒரு லோகோ, “இது மக்களுக்கான காயின்ணே” என்று ஒரு விளக்கம். கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதும், இடையிடையே பிளாக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில்) ஸ்மார்ட் காண்ட்ராக்ட், அதாவது தானே ஓடும் ஒப்பந்த விதிகள், எழுதுவதும் என் பிழைப்பு. அதனால் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் கூட்டம் விழுந்து எழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள்.

பாஸ்வேர்டைப் பத்திரமாக வை, இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவனிடம் பணம் கொடுக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு ஓட்டு, வியாபாரத்தில் ஒரு பங்கு பொதுவுக்கு, எல்லார் கண்ணுக்கும் தெரியும் கணக்கு: இந்த மாதிரி சோஷலிச விதிகளைக் கோடிங்கில் எழுத முடியும். பட்டறையும் நிலமும் யாருடையவை என்பதைக் கோடிங் மாற்றாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

வங்கி மேல் இருக்கும் கோபத்தைக் கொள்கை என்று நினைப்பது

பிட்காயின் கணக்கேட்டின் முதல் பக்கம், அதாவது முதல் பிளாக், 2009 ஜனவரி 3 தேதியிட்டது. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயர்க்காரர் அதற்குள் அன்றைய லண்டன் டைம்ஸின் தலைப்புச் செய்தி ஒன்றைப் பொதிந்து வைத்தார். வங்கிகளைத் தூக்கி நிறுத்த பிரிட்டன் நிதியமைச்சர் இரண்டாவது முறையாகப் பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறார் என்பது அந்தச் செய்தி. பிள்ளைகள் இதைக் காட்டி, “பாருங்கண்ணே, முதலாளித்துவ எதிர்ப்பு” என்கிறார்கள்.

வங்கியைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் இடதுசாரிகள் இல்லை. பணம் வெளியிடும் உரிமையை அரசின் கையிலிருந்து எடுத்துத் தனியார் போட்டிக்கு விட வேண்டும் என்று 1976-இல் வாதாடியவர் சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய ஆதரவாளரான ஹாயெக். அவரை யாரும் தோழர் என்று கூப்பிட்டதில்லை. பிட்காயினில் மொத்தமே 2.1 கோடி காயின்தான். முதலில் வந்தவர்கள் மலிவாக அள்ளினார்கள், பிந்தி வந்தவர்கள் அவர்களிடம் வாங்க வேண்டும். கணக்கைச் சரிபார்த்துப் புதுக் காயின் தோண்டி எடுக்கத் தனி இயந்திரமும் மலிவான மின்சாரமும் வேண்டும். இன்னொரு பெரிய பிளாக்செயினான எதீரியம் 2022 செப்டம்பரில் அந்த மின்சாரச் செலவை விட்டொழித்தது, நல்ல காரியம். ஆனால் அங்கே தனியாகச் சரிபார்ப்பவராக உட்கார அதன் காயினான ஈதரில் 32 பிணை வைக்க வேண்டும். முன்பு இயந்திரம் வைத்திருந்தவன் கை ஓங்கியிருந்தது, இப்போது காயின் வைத்திருப்பவன் கை.

அரசு வெளியிட்டால் சோஷலிசம் என்பது

வெனிசுவேலா எண்ணெய் வளத்தைக் காட்டி 2018-இல் பெட்ரோ என்று ஓர் அரசு கிரிப்டோ காயினைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் மூடிவிட்டது.

காயினுக்கு ஒரு ஓட்டு

எழுதத் தொடங்கும்போதே எரிச்சல் வருகிறது. என்னிடம் வரும் எல்லாத் திட்டத்திலும் ‘ஜனநாயக நிர்வாகம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். உள்ளே படித்தால், டோக்கன் (திட்டம் வெளியிடும் டிஜிட்டல் வில்லை) வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடலாம், எத்தனை டோக்கனோ அத்தனை ஓட்டு என்று இருக்கும். தம்பிகளா, இதற்குப் பெயர் லிமிடெட் கம்பெனி. சிவப்புச் சாயம் பூசினாலும் கம்பெனிதான்.

ஆத்தங்குடிப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் பட்டறையைத் தொழிலாளர்களே சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர்க் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, பின்பக்கத்துக்கு சிமெண்டும் மணலும் போட்டு அடித்து, காயவைத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடும் வேலை. ஒரு மாணவர் குழு ஆர்வமாகப் போய் அவர்களுக்கு ஒரு டோக்கன் செய்துகொடுத்தது. தொடக்கத்தில் ஆளுக்கு நூறு. டோக்கன்தான் பங்கு, டோக்கன்தான் ஓட்டு. யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். அந்த மாற்றும் வசதிக்குத் திட்டத்தில் ‘சுதந்திரம்’ என்று பெயர் போட்டிருந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கல் காயவில்லை, வேலை ஓடவில்லை. வீட்டில் அரிசி வேண்டுமே. சிமெண்ட் கடனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், “காசு இல்லாட்டி பரவாயில்ல, அந்த டோக்கனைக் குடு” என்றார். பாதி விலைக்குக் கொடுத்தார்கள். தை பிறக்கும்போது பாதிக்கு மேல் டோக்கன் அவர் கையில். முதல் தீர்மானம், கல்லுக்கான கூலியைக் குறைப்பது. அடுத்தது, உடைந்த கல்லின் விலையை அடித்தவன் கணக்கில் பிடிப்பது. இரண்டும் நிறைவேறின. மிச்சமிருந்தவர்கள் அத்தனை பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டும் நிறைவேறின.

அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்தப் பையன்களிடம் கேட்டாராம்: “மெஷின் சரியாத்தான் எண்ணியிருக்கு தம்பி. நாங்க இத்தனை பேர் வேணாம்னு சொன்னமே, அது எங்க போச்சு?” பையன்கள் சொன்ன பதில், “கோடிங்ல தப்பு ஒண்ணும் இல்ல ஐயா.” இந்தப் பதிலைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. குத்தகை முன்பணமும் போய், ஆட்களும் பழையபடி ஆளுக்கொரு முதலாளியிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் கொடுமை, இது நடந்தது செட்டிநாட்டில். கடன் எப்படிச் சொத்தை ஒரு கைக்குக் கொண்டுசேர்க்கும் என்று வேறு ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நமக்குத் தெரியாதா? நகரத்தார் பர்மாவுக்குப் போனது வட்டிக்குக் கொடுக்க, நிலம் வாங்க இல்லை. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அதே பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. யாரும் கத்தியைக் காட்டிப் பிடுங்கவில்லை, பத்திரம் கைமாறியது. அந்த நிலம் பின்னால் அவர்களுக்கும் நிலைக்கவில்லை, பர்மா விடுதலையடைந்ததும் நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அது தனிக் கதை. கைமாற்ற முடிகிற உரிமையை அடகு வைக்கவும் முடியும், மழைக்காலம் வந்தால் அடகு மூழ்கவும் செய்யும். டோக்கனுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

மார்க்ஸ் பெயரைச் சொல்லிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் அவர் எழுதியதையாவது பார்த்திருக்கலாம். பிரிட்டிஷ் சோஷலிஸ்ட் ராபர்ட் ஓவன் பேசிய ‘உழைப்புப் பணம்’ நாடகக் கொட்டகை டிக்கெட்டைப் போன்றது, அது பணமே இல்லை என்கிறது ‘மூலதனம்’ முதல் தொகுதியின் ஓர் அடிக்குறிப்பு. நீ இவ்வளவு உழைத்தாய், பொதுக் கிடங்கில் இவ்வளவு உன் பங்கு என்று சொல்லும் சான்று அது. கை மாறிச் சுற்றுவதற்கு இல்லை. நம் கூட்டுறவுச் சங்கத்திலும் அப்படித்தான். பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்று. பங்கைச் சந்தையில் கூவி விற்க முடியாது. டோக்கனிலும் இதைச் செய்யலாம், மாற்றும் வசதியை அடைத்துவிட்டால் போதும். சில வரி வேலை. ஓட்டுக்கு ஒரு டோக்கன், கொடுக்கல் வாங்கலுக்கு வேறு ஒன்று என்று பிரித்திருந்தால் அந்தப் பட்டறை இன்று ஓடிக்கொண்டிருக்கும்.

“சரிண்ணே, ஆளுக்கு ஒரு ஓட்டுன்னே வச்சுக்குவோம்” என்பார்கள். அப்புறம்தான் உண்மையான சிக்கல். பிளாக்செயினுக்கு வாலட் என்ற டிஜிட்டல் பணப்பைதான் தெரியும், ஆள் தெரியாது. ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக நூறு வாலட் திறந்துவிடலாம். இதற்காகக் கண்ணின் கருவிழியை ஸ்கேன் செய்யும் வேர்ல்ட்காயின் என்ற திட்டம் வந்திருக்கிறது. ஒரு கம்பெனி ஊரார் கண்ணையெல்லாம் படம் பிடிப்பதைச் சோஷலிசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைரேகை வைக்கலாம் என்றான் ஒரு பையன். வருடக்கணக்காக சிமெண்டில் புழங்கிய விரலை போன் மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். மூன்று தடவை ‘மீண்டும் முயலவும்’ என்று காட்டிவிட்டு போன் பூட்டிக்கொள்ளும்.

ஆளை ஆள்தான் அடையாளம் சொல்ல வேண்டும். நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு என்று குடும்பங்களை எண்ணும் பதிவு இருக்கிறதே, அதைப் பாருங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில். கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரும், அதோடு தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறும். ஆயிரம் சன்னல் வைத்து வீடு கட்டினாலும் இரண்டு புள்ளி ஆக முடியாது. ஒரு சாதிக்குள் ஓடும் கணக்கு அது, பெண்ணைத் தனியாக எண்ணாத கணக்கும்கூட. அதை சோஷலிசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் இரண்டாகக் கணக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வது தெரிந்தவர்கள் செய்யும் வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை. உங்கள் காயினுக்கும் ஓர் உறுப்பினர் பதிவேடு வேண்டும். நேரில் வர வேண்டும், இரண்டு பழைய உறுப்பினர்கள் சாட்சி சொல்ல வேண்டும். “அப்ப பரவலாக்கம், யார் கையிலும் கட்டுப்பாடு இல்லாத அமைப்பு, என்னாகும்?” என்று கேட்பீர்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பட்டறை போனது.

தீர்மானம் போட்டு விலையை நிறுத்துவது

கத்தலோனியாவைச் சேர்ந்த என்ரிக் துரானும் அவர் கூட்டாளிகளும் 2014-இல் ஃபேர்கூப் என்ற கூட்டுறவைத் தொடங்கி, ஃபேர்காயினைத் தங்கள் நாணயமாக எடுத்துக்கொண்டார்கள். நேர்மையான முயற்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காயினின் விலையைச் சந்தை தீர்மானிக்கக் கூடாது என்று பொதுச்சபை கூடி அதிகாரப்பூர்வ விலை வைத்தார்கள். சந்தை விலையோ வெகு கீழே போய்விட்டது. அங்கே மலிவாக வாங்கி, இங்கே உறுப்பினர் கடைகளில் அதிக விலைக்குச் செலவழிப்பதை யார் தடுப்பது? கடைக்காரர்களிடம் காயின் குவிந்தது. அதைக் கொடுத்து யூரோ கேட்டால், கொடுக்க நிதி போதவில்லை.

ரங்கூனில் நகரத்தார் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்களே, அது மட்டும் எப்படி நின்றது என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. அந்தச் சந்தையில் கடனாகப் புழங்கிய பணத்தில் பெரும்பங்கு அவர்கள் பெட்டியிலிருந்து போனது. உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள்.

சேமித்தால் தேயும் காசு

பதுக்கலை ஒழிக்கக் காசின் மதிப்பைக் காலத்தோடு குறைப்பது பழைய யோசனை. ஆஸ்திரியாவின் வோர்கல் ஊரில் 1932-இல் மாதம் ஒரு சதவீதம் குறைய வைத்தார்கள், இன்றைய சர்க்கிள்ஸ் காயினில் ஆண்டுக்கு 7 சதவீதம். பணக்காரனின் பதுக்கலுக்கு இது சரி. மழைக்காலத்துக்கு என்று ஒரு அக்கா முடிந்து வைத்திருக்கும் காசிலும் கை வைக்கப்போகிறீர்களா என்று முதலில் பேசி முடியுங்கள்.

எல்லார் சாவியும் ஒரே டைரியில்

வாலட்டைத் திறக்கும் சாவி ஆளுக்குப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், அத்தனையும் புராஜெக்ட் தலைவரின் டைரியில். அந்த டைரிதான் மத்திய வங்கி.

வரியை மறப்பது

2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. “லாபம் எங்கள் நோக்கமே இல்லை சார்” என்பது ஆடிட்டரிடம் செல்லாது.

நோட்டில் நடத்திப் பார்க்காமல் கோடிங்கில் இறங்குவது

வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் மகமை, இந்தப் பக்கத்தில் பேரேட்டிலேயே ஒழுங்காக நடந்தது. உங்கள் திட்டத்தையும் ஒரு மழைக்காலம் முழுக்க நோட்டில் நடத்துங்கள். சண்டை எந்த இடத்தில் வருகிறது, கணக்கிலா, ஓட்டிலா, சாவியிலா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த இடத்துக்கு மட்டும் என்ன வேண்டுமோ அதைச் செய்யலாம். கடைசியாக அப்படிக் குறித்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு எக்செல் கோப்பு.