பூட்டைத் தேடாதீர்கள்: ஐரோப்பாவில் மனிதக் கடத்தல் பற்றி நாம் செய்யும் தவறுகள்

கிரேக்க நாட்டின் மேற்கே மனோலாடா என்ற ஊரில் ஸ்ட்ராபெரி விளைகிறது. 2013 ஏப்ரல் 17 அன்று அங்கே நூறு பேருக்கும் மேற்பட்ட வங்கதேசத் தொழிலாளர்கள், மாதக்கணக்கில் வராத கூலியைக் கேட்டுப் போனார்கள். காவலாள் ஒருவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். முப்பது பேருக்குப் பலத்த காயம். ஏழு மணி நேர வேலைக்கு 22 யூரோ, அதற்கு மேல் மணிக்கு 3 யூரோ என்பதுதான் பேச்சு. ஆனால் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை வேலை வாங்கினார்கள். தங்கியது அட்டையும் நைலானும் மூங்கிலும் வைத்துக் கட்டிய குடிசைகளில். கழிப்பறை இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை.

உள்ளூர் நீதிமன்றம், துப்பாக்கிச் சூட்டுக்காகத் தண்டனை கொடுத்தாலும், ஆட்கடத்தல் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. தொழிலாளர்கள் சுதந்திரமாக நடமாடினார்கள், வேண்டுமென்றால் வேறு வேலை தேடிப் போயிருக்கலாம் என்றது. 2017 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. முதலில் சம்மதித்து வேலைக்கு வந்தார்கள் என்பதற்காகக் கடைசிவரை சம்மதத்தோடு இருந்தார்கள் என்று ஆகாது. ஆளின் இயலாமையை முதலாளி பயன்படுத்திக்கொண்டால் அது மனம் ஒப்பிய உழைப்பே அல்ல என்று சொன்னது.

அந்த உள்ளூர் நீதிபதிகள் செய்த தவறைத்தான் நாமும் முதலில் செய்கிறோம். கதவில் பூட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லையென்றால், "அப்போ ஏன் ஓடிப் போகலை?" என்கிறோம். எங்கே ஓடுவது? பாஸ்போர்ட் முதலாளி பீரோவில். ஊரில் வீட்டுப் பத்திரம் அடகில். மொழி தெரியாது. போலீசைப் பார்த்தாலே நாடு கடத்திவிடுவார்கள் என்று தினம் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் மேல் பூட்டு எதற்கு?

ஒரே சொல்லில் மூன்று குற்றம்

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. தங்கம் கடத்தினாலும் கடத்தல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் கடத்தல், திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைத்தாலும் கடத்தல். அதனால் மனிதக் கடத்தல் என்றதும் நமக்கு லாரியும் படகும்தான் நினைவுக்கு வருகின்றன.

சட்டம் இவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. 2000-இல் ஐ.நா. இரண்டு நெறிமுறைகளைக் கொண்டுவந்தது: காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டவைப்பதற்கு ஒன்று, சுரண்டுவதற்காக ஆள் பிடிப்பதற்கு ஒன்று. முதலாவதில் அக்கரை சேர்ந்ததும் கணக்கு முடிகிறது. இரண்டாவதில் அப்போதுதான் தொடங்குகிறது. 1996 கிறிஸ்துமஸ் இரவில் சிசிலிக்கு அருகே போர்ட்டோபாலோ கடலில் ஒரு படகு மூழ்கி 283 பேர் இறந்தார்கள். இந்தியர், பாகிஸ்தானியரோடு இலங்கைத் தமிழர்களும் அதில் போனார்கள். அது முதல் வகை. மனோலாடாவில் எல்லை தாண்டிய கதை யாருக்கும் முக்கியமில்லை. வயலில் நடந்ததுதான் வழக்கு.

ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. பயணத்துக்குப் பட்ட கடனை "வேலை செஞ்சு கழி" என்று சொன்ன நாளிலிருந்து ஏஜெண்ட் வேறு ஆளாகிவிடுகிறான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் "ஏஜென்சி" என்று சொல்லும் மனிதருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அந்த நன்றியே சிலரை வாயடைக்க வைக்கிறது.

எல்லை தாண்டாமலும் இது நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இல் மனிதக் கடத்தலுக்கு ஆளானவர்களாகப் பதிவான 10,793 பேரில் கணிசமானோர் தங்கள் சொந்த நாட்டிலேயே சுரண்டப்பட்டவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண். கண்ணில் பட்டவர்களின் எண்ணிக்கைதான் இது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

"விசா ஒரிஜினல்தானே?"

புறப்படும் முன் செய்யும் தவறுகளில் பெரியது இது. விசா உண்மையாக இருந்தால் வேலையும் உண்மை என்று நம்பிவிடுகிறோம்.

பிரிட்டன் 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டவரை எடுக்க வழி திறந்தது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் செவிலியர் படித்தவர்கள்கூட லட்சக்கணக்கில் கட்டிப் போனார்கள். விசா அசல்தான். ஆனால் வேலை தருவதாக விசாவுக்குப் பொறுப்பேற்ற சில ஸ்பான்சர் நிறுவனங்களிடம் வேலையே இல்லை, சான்றிதழை மட்டும் விற்றன. அந்த நாட்டில் வேலை தேடித் தருவதற்கு ஆளிடம் கட்டணம் வாங்குவதே சட்டவிரோதம் என்பது பணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? நிறுவனத்தின் உரிமம் போனால் தொழிலாளிக்கு வேறு ஸ்பான்சரைத் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். அந்தப் பயத்தை வைத்தே பாதிச் சம்பளத்துக்கு இரட்டை ஷிப்ட் வாங்க முடியும். 2025 ஜூலையில் அந்த வழியை வெளிநாட்டுப் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். இன்னமும் "யூ.கே. கேர் விசா" என்று வாட்ஸ்அப்பில் விற்பவரிடம் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு உண்டா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கலாம். "டூரிஸ்ட்ல போய் அங்க மாத்திக்கலாம்" என்ற வாக்கியம் காதில் விழுந்தால் நகையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

அடுத்த தவறை வீட்டில் இருப்பவர்கள் செய்கிறார்கள், அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அங்கிருந்து போன் வருகிறது. குரல் சரியில்லை. "வட்டி ஏறுதுப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ, எப்படியாவது சமாளி" என்கிறோம். சம்பளம் வரவில்லை என்று சொல்லவந்தவன் சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுகிறான். முதலாளி போட்ட முடிச்சை நாம் இன்னும் இறுக்குகிறோம். பணத்தைக் கேட்பதற்கு முன் மூன்றே மூன்று கேட்கலாம்: பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, சம்பளம் யார் கணக்கில் விழுகிறது, இப்போது நீ பேசுவதை யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா.

உதவப் போய் உபத்திரவம்

ஒரு கடையில் வேலை செய்யும் பெண் இப்படிச் சிக்கியிருக்கிறாள் என்று சந்தேகம் வந்ததும், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நிற்பது நம் ஊர்ப் பழக்கம். அன்றிரவே அந்தப் பெண்ணை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐ அழையுங்கள்; ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவும் பிரிட்டனிலும் அது செல்லும். உடனடி ஆபத்து இல்லையென்றால் இதற்கென்றே இருக்கும் அமைப்புகளிடம் பேசுங்கள். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப்பில் பயோக்கே, பிரஸ்ஸல்ஸில் பாக்-அசா, லியேஜில் சுர்யா. சூரிச்சில் எஃப்.ஐ.இசட். வியன்னாவில் லெஃபோ. லா ஸ்ட்ராடா என்ற கூட்டமைப்பு பல நாட்டு அமைப்புகளை இணைக்கிறது. சிக்கியிருப்பவரின் போனை முதலாளியும் பார்க்கக்கூடும். அதில் செய்தி அனுப்பி வைக்காதீர்கள். அவரிடம் இருக்கும் பழைய செய்திகளையும் "வெட்கமா இருக்கு" என்று அழிக்கவிடாதீர்கள், பின்னால் அவைதான் சாட்சி.

மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவது? தமிழர் அதிகமில்லாத ஐரோப்பிய நகரத்தில் இது உயிர்போகும் விஷயம். கோயிலில் பார்க்கும் அண்ணா, தமிழ்ப் பள்ளி டீச்சர் என்று நல்ல மனதோடு யாரையாவது உட்காரவைக்கிறோம். அவர் ஏஜெண்டின் மச்சானாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை ஊரெல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு இது நன்றாகவே தெரியும், அதனால்தான் பாதி சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். வேறு நகரத்திலிருந்து போனில் பேசும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பெண்தான் வேண்டும் என்று கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் மாற்றச் சொல்லலாம். உறவினர் கூடவே கூடாது.

பாதி சொன்ன கதை மறுநாள் மாறும். தேதி மாறும், ஆள் மாறும். பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டுவது அதிகாரிகள் மட்டும் செய்யும் தவறல்ல. பயத்தில் கிடந்த மனம் நாட்காட்டிபோல வரிசையாக நினைவு வைத்திருக்காது. இதைத் தெரிந்துதான், மனிதக் கடத்தலுக்கு எதிரான ஐரோப்பிய கவுன்சிலின் 2005 வார்சா உடன்படிக்கை, கடத்தலுக்கு ஆளானவருக்கு மூச்சுவிட்டு யோசிக்கக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தக் கவுன்சில் ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, அதைவிடப் பெரிய அமைப்பு; அதன் 46 நாடுகளையும் இந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்த நாட்களில் அவரே முடிவு செய்யலாம். இத்தாலியில் 1998 முதல், போலீசுக்கு ஒத்துழைக்காமலே பாதுகாப்பு அனுமதி பெற வழி இருக்கிறது. பிரிட்டனில் வயதுவந்தவரை கடத்தலுக்கு ஆளானோரை அரசு அடையாளம் காணும் முறைக்கு அனுப்ப அவருடைய ஒப்புதல் கட்டாயம். "கேஸ் போடு, நாங்க இருக்கோம்" என்று தள்ளுவதும் "வம்பு வேண்டாம், ஊருக்குப் போ" என்று தள்ளுவதும் ஒன்றுதான். இதுவரை முதலாளி முடிவெடுத்தான், இப்போது நாம்.

நைஜீரியாவின் எடோ மாநிலத்துப் பெண்களை இத்தாலிக்குக் கொண்டுபோகும் முன், பூசாரி முன்னால் சத்தியம் வாங்குவார்கள்: கடனை அடைக்காமல் ஓடினால், காட்டிக்கொடுத்தால் சாவு. ஐரோப்பிய அதிகாரிகள் பலர் முதலில் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் எப்படிக் கட்டிப்போடும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் அதே எடோ மாநிலத்தின் பாரம்பரிய மன்னரான பெனின் மன்னர் இரண்டாம் எவுவாரே அரண்மனையில் பூசாரிகளைக் கூட்டி அந்தச் சத்தியங்கள் எல்லாம் செல்லாது என்று அறிவித்தார். எந்தச் சட்டத்துக்கும் எட்டாத இடத்தில் கட்டியிருந்த முடிச்சு அது. அதை அவிழ்க்க அந்த இடத்துக்கே போக வேண்டியிருந்தது.

இன்னொன்று: சுரண்டப்பட்டவரையே குற்றவாளியாகப் பார்ப்பது. பிரிட்டனில் கஞ்சா வளர்த்த வீடுகளில் பிடிபட்ட இரண்டு வியட்நாமியச் சிறுவர்களைத் தண்டித்தார்கள். அவர்களைக் கடத்திவந்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கவில்லை என்று 2021 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனைக் குறை சொன்னது. கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்தவர் "என்னைத்தான் முதலில் பிடிப்பார்கள்" என்று நடுங்கினால், வழக்கறிஞரைப் பார்த்தபின் பேசலாம் என்று சொல்லுங்கள். கட்டாயத்தால் செய்த குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்பதற்கும் வார்சா உடன்படிக்கையில் இடம் உண்டு.

மீட்டதும் படம் எடுத்துப் போடுவதைப் பற்றி எழுதவே கை வரவில்லை. முகத்தை மறைத்தாலும் குரல், ஊர், தாலி, கையில் பச்சை குத்திய பெயர் எல்லாம் இருக்கிறது.

வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது கடைசித் தவறு. மனோலாடா தொழிலாளர்களில் வழக்காடியவர்களுக்கு ஆளுக்கு 12,000 அல்லது 16,000 யூரோ கொடுக்கச் சொன்னது நீதிமன்றம், சுடப்பட்டு நான்கு ஆண்டு கழித்து. அந்த நான்கு ஆண்டில் ஊரில் வட்டி நின்றிருக்காது. வராத கூலியைக் கேட்க வழி உண்டா, இழப்பீட்டுக்கு மனுப் போடலாமா என்று முதல் மாதமே விசாரிக்க வேண்டும். கெடு தாண்டிப்போன மனுக்கள் ஏராளம். ஊர் திரும்புகிறவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏஜெண்ட் அதே தெருவில் இருக்கிறான், அடுத்த ஆளுக்கு விசா எடுத்துக்கொண்டிருக்கிறான், எதிரே வந்தால் சிரிக்கவும் செய்வான்.